வாசலில் இருந்து சாமி ரூம் வரைக்கும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எங்கள் எம். புதுப்பட்டிப் பக்கத்தில் ஒரு கதையை இப்படித் தொடங்கினால்தான் கேட்கிறவர்கள் நிம்மதியாக உட்கார்ந்து கேட்பார்கள்.

பட்டாசுக் கம்பெனியில் பெட்டி அடைக்கிற ஷெட்டில் இருந்தேன். நான்கு பெண்கள். சீசன் சூடு பிடித்த நேரம் என்பதால் கை தானாக ஓடியது; வாய் அதைவிட வேகமாக ஓடியது. யார் வீட்டுக் கோழி யார் வீட்டில் முட்டை போட்டது என்பது பற்றிய பெரிய விசாரணை நடந்துகொண்டிருந்தது.

அப்போது வாட்ச்மேன் வேலுச்சாமி அண்ணன் ஓடி வந்தார். கம்பெனிக்குள் யாரும் ஓடக் கூடாது என்பது சட்டம். அண்ணனுக்கு மிகவும் பிடித்த சட்டம் அதுதான். மழை பெய்தாலும் நடந்துதான் வருவார். அப்படிப்பட்டவர் ஓடி வந்து, படிக்கு வெளியே நின்று, மூச்சு வாங்கினார்.

"பேச்சி... ஒன் வீட்டுல வெடிச்சிருச்சாம்."

"எந்தப் பக்கம்ணே?"

"ஹாலுலயாம். வாசல்ல இருந்து சாமி ரூம் வரைக்கும் வெடிச்சிருச்சாம். ஒன் போனு அடிச்சுக்கிட்டே கெடந்துச்சுன்னு எடுத்தேன். ஒரு பய பதறிப் போயிச் சொல்றான்."

செல்போனை கேட்டிலேயே வைத்துவிட்டுத்தான் நாங்கள் உள்ளே போகவேண்டும். அதனால் வீட்டுச் சேதி எதுவானாலும் அண்ணன் வாய் வழியாகத்தான் எங்களுக்கு வரும்.

என் கையில் ஒரு பெட்டி இருந்தது. அதை நான் கீழே போடவில்லை. மெதுவாகத் தரையில் வைத்தேன். பக்கத்தில் இருந்தவளும் வைத்தாள். உயிர் போகிற பதற்றத்திலும் எங்களுக்குப் பொருளைக் கீழே போடத் தெரியாது. வைத்துவிட்டுத்தான் எழுந்து ஓடினேன்.

வீட்டில் அன்றைக்கு இருந்தது என் மகன் முனீஸ்.

தெருவே யோசனை சொன்ன தரை

இந்தப் பக்கங்களில் இந்த வாரம்தான் வந்து உட்கார்ந்திருக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. என் பெயர் பேச்சியம்மாள். ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றது, பேச்சு நிற்கவில்லை. வெடி சுற்றுவதற்குக் கட்டுக்கட்டாகப் பழைய தாள் வரும். அதில் படித்ததுதான் என் படிப்பு. கதையின் தொடக்கம் ஒரு வெடிக்குள்ளும் முடிவு வேறொரு வெடிக்குள்ளும் போய்விடும். நடுவில் நானாக ஏதாவது போட்டு நிரப்பிக்கொள்வேன். இன்றைக்கும் அந்தப் புத்தி போகவில்லை.

சரி, தரைக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டு ஹாலில் பழைய சிமெண்டுத் தரை. சித்திரை வெயிலில் வெறும் முதுகோடு படுத்தால் கிணற்றுத் தண்ணீரில் மிதப்பது போல் இருக்கும். ஆனால் வயதாகிவிட்டது. அங்கங்கே பெயர்ந்து, கூட்டினால் தூசி போவதற்குப் பதில் தரையே கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. மாற்றுவது என்று முடிவு செய்தோம்.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்றவர்கள், தரையைப் போட்டுப் பார் என்பதை விட்டுவிட்டார்கள். சுவருக்கு ஒருவரும் யோசனை சொல்லமாட்டார்கள். தரைக்கு மட்டும் தெருவே சொல்லும். எல்லோருக்கும் கால் இருக்கிறதே!

எங்கள் வீட்டுக்காரர் செல்லையா அதே கம்பெனியில் போர்மேன். அவருக்குக் கறுப்பு கிரானைட் போடவேண்டும். முதலாளி வீட்டில் பார்த்திருக்கிறார்.

"தரையில மூஞ்சி தெரியணும் பேச்சி. அதுதான் தரை."

"மூஞ்சி பாக்கத்தான் கண்ணாடி கெடக்குல்ல? அந்த மூஞ்சிய குனிஞ்சு வேற பாக்கணுமாக்கும்."

எதிர்வீட்டு ராசாத்தி மதினி பளபளக்கும் வெள்ளை டைல்ஸ்தான் நல்லது என்றாள். அவள் வீட்டில் அதுதான். மழைக்காலத்தில் அவள் வீட்டு அண்ணன் வாசலில் வைத்த காலை அடுக்களையில் போய்த்தான் எடுத்தார். அதையும் அவளே சொன்னாள். "வழுக்குற தரையும் வாய்ச்சவடால் மாப்பிள்ளையும் ஒண்ணு பேச்சி. பாக்க நல்லாருக்கும், நம்பிக் கால வைக்க முடியாது." சொல்லிவிட்டு, "ஆனாலும் அளகுல்ல?" என்றாள். மாப்பிள்ளையைச் சொன்னாளா தரையைச் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை.

வெளியூர்க்காரர்களுக்கு இல்லாத ஒரு கவலை தரை விஷயத்தில் எங்களுக்கு உண்டு. அது வெள்ளி மருந்து. மருந்து என்றால் எங்கள் பக்கத்தில் வெடிமருந்துதான். உடம்புக்கு விழுங்குவது மாத்திரை. வெள்ளி நிறத்தில் பவுடர் மாதிரி இருக்கும் அந்த மருந்து, குளித்தாலும் குதிகால் ரேகைக்குள் ஒளிந்துகொண்டு வீடு வரைக்கும் வரும். சாயங்காலம் வீட்டுக்குள் நடந்தால் தரையில் வெள்ளிப் பாதம் விழும். கிருஷ்ண ஜெயந்திக்கு அரிசிமாவில் பாதம் போடுவார்களே, அது மாதிரி. எங்கள் வீடுகளில் தினமும் கிருஷ்ண ஜெயந்திதான். வருகிறவர் மட்டும் ஐம்பது வயதுக் கிருஷ்ணர்.

கறுப்புத் தரை போட்டால் அத்தனை தடமும் வானத்து நட்சத்திரமாகத் தெரியும். துடைக்க யாரால் முடியும்?

இதை யோசித்தவன் முனீஸ். சாத்தூரில் ஒரு டைல்ஸ் கடைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனான். மண் நிறத்தில் கொஞ்சம் சாம்பல் கலந்த மாதிரி, பளபளப்பு இல்லாத ஒரு கல்லை எடுத்துக் கடை வாசலில் போட்டான். குடிக்க வைத்திருந்த தண்ணீரை அதன் மேல் ஊற்றினான்.

"ஏறி நில்லும்மா. செருப்ப கழட்டிட்டு."

"ஏலே, ரோட்டுல எல்லாரும் பாக்காகலே."

"பாக்கட்டும். வழுக்குதா சொல்லு."

வழுக்கவில்லை. கல் காலைப் பிடித்துக்கொண்டது. கடைக்காரர் கல்லாவில் இருந்து எழுந்து வந்து வேடிக்கை பார்த்தார். "டைல்ஸ் வாங்க வர்றவுக எல்லாரும் கண்ணால பாப்பாக. ஒங்க பையன் காலால பாக்கச் சொல்றான்" என்று சிரித்தார்.

அவர் வாங்கி வைத்த நாற்காலி

முனீஸ் டிப்ளமோ முடித்தவன். முடித்துவிட்டுச் சிவகாசியில் ஓர் அச்சாபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் கொஞ்ச காலம் உட்கார்ந்தான். பிறகு ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டு, சாத்தூரில் ஒரு டைல்ஸ் குழுவோடு சேர்ந்துகொண்டான். முதலில் கல் சுமந்தான். பிறகு வெட்டினான். பிறகு பதித்தான்.

என் வீட்டுக்காரர் இவருக்கு அது தொண்டையில் மாட்டிய முள். சொந்தக்காரர்கள் கேட்டால், "பய சிவில் லைன்ல இருக்கான்" என்பார். கேட்டவர்கள் கலெக்டர் ஆபீஸ் என்று நினைத்துக்கொண்டு போவார்கள்.

இவரைக் குறை சொல்லவும் முடியாது. எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவர்களுக்கெல்லாம் ஒரே கனவுதான், நாற்காலி. வீடு வாசல் என்று கூட இல்லை. பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்து, மேலே காற்றாடி சுற்ற, சட்டை கசங்காமல் வேலை பார்க்கவேண்டும். அவ்வளவுதான். நானும் அதை வேண்டிக்கொண்டவள்தான்.

இவர் முதலாளியிடம் பேசி ஒரு நாற்காலி வாங்கியே விட்டார். கம்பெனியின் டெஸ்பாட்ச் ஆபீஸில் வேலை. லோடு எந்த ஊருக்குப் போகிறது என்று கம்ப்யூட்டரில் ஏற்றவேண்டும். சுற்றுகிற நாற்காலி. அடுத்த ஒன்றாம் தேதி வந்து உட்கார்ந்துவிடலாம் என்று சொல்லிவிட்டார் முதலாளி.

அன்றைக்கு ராத்திரிச் சோற்றின்போது நடந்த பேச்சு அப்படியே காதில் இருக்கிறது.

"எங்கய்யா தரையில உக்காந்து தீக்குச்சி அடுக்குனாரு. நான் தரையில உக்காந்து மருந்து கெட்டிச்சேன். ஒங்கம்மா இன்னைக்கும் தரையில உக்காந்து பெட்டி அடைக்கா. நீயாவது நாற்காலியில உக்காருலே."

"உக்காந்து பாத்துட்டேன்ப்பா. முதுகு வலிக்கு."

"தரையில உக்காந்தா வலிக்கலயாக்கும்?"

"வலிக்கு. ஆனா சாயங்காலம் எந்திரிச்சுத் திரும்பிப் பாத்தா ஒரு ரூம் இருக்குப்பா."

இவர் ரசத்தை ஊற்றிக்கொண்டே இருந்தார். தட்டு நிறைந்தது கூடத் தெரியவில்லை.

கடைசியில் ஓர் ஏற்பாடு. நம் வீட்டு ஹாலை முனீஸே போடவேண்டியது. "ஒளுங்கா முடிச்சுக் காட்டு. முடிச்சா ஒன் இஷ்டம். ஒரு கல்லு ஏறி எறங்கிக் கெடந்தாலும் ஒண்ணாந்தேதி நாற்காலி. அதுக்கப்புறம் ஒரு பேச்சு இருக்கக் கூடாது."

"சரிப்பா" என்றான். ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசவில்லை. அவன் அப்பாவைக் கொண்டு பிறந்தவன். என்னைக் கொண்டு பிறந்திருந்தால் விடியும் வரை பேசியிருப்பான்.

இந்த இடத்தில் பிள்ளை வைத்திருக்கிறவர்களிடம் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். எங்கள் தெருவில் சுவர் நிறையப் பட்டம் வாங்கின போட்டோ தொங்குகிறது. ஆனால் குழாய் ஒழுகினால் ஆள் கிடைப்பதில்லை. கரண்டு வேலைக்கு ஆள் இன்றைக்கு வருகிறேன் என்பார், அமாவாசைக்கு வருவார். சாத்தூர்க் கடைக்காரர் ஒரு சொல் சொன்னார்: "பட்டம் சுவத்துல தொங்கும், தொளிலு கையில தங்கும்." படிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. படிக்க முடியாமல் போனவள் அதைச் சொல்வேனா? பிள்ளை ஒரு வேலையை ஆசையாகத் தொட்டால், அந்தக் கையைத் தட்டிவிடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

ஒரே சொல், இரண்டு ஊர்

முனீஸுக்குக் கூட்டாளி ஒருவன், பெயர் சோலை. மல்லாங்கிணற்றுப் பையன். நல்ல வேலைக்காரன். வாய் திறந்தால் மூட ஆள் வேண்டும் என்பதால் எனக்கு ரொம்பப் பிடித்தவன். அவன் அப்பா அம்மா மானாவாரி விவசாயம். பட்டாசுக்கும் அவர்களுக்கும் தீபாவளி அன்றைக்கு மட்டும்தான் உறவு.

மல்லாங்கிணறு எங்களுக்குத் தூரம் இல்லை. ஒரே மாவட்டம், ஒரே வெயில். ஆனால் சொல் வேறு.

அங்கே கோடையில் கரிசல் நிலம் பிளந்து கிடந்தால், "நிலம் வெடிச்சிருக்கு" என்பார்கள். செடியில் பருத்திக்காய் விரிந்து பஞ்சு தெரிந்தால், "பருத்தி வெடிச்சிருச்சு" என்பார்கள். அது சந்தோஷச் சொல். அதைக் கேட்டால் மடியைக் கட்டிக்கொண்டு காட்டுக்கு ஓடுவார்கள். சுவர் கீறினாலும் வெடிப்பு, குதிகால் பிளந்தாலும் வெடிப்பு, உதடு காய்ந்தாலும் வெடிப்பு.

எங்கள் ஊரில் வெடி என்று ஒரு நாளைக்கு நூறு முறை சொல்வோம். அது சோறு. ஆனால் "வெடிச்சிருச்சு" என்று சொல்லவே மாட்டோம். சுவர் விட்டிருக்கு என்போம். குதிகாலில் பாளம் என்போம். தீபாவளிக்கு வெடி போட்டாச்சு என்போம். சின்னப் பிள்ளை விளையாட்டுக்கு அந்தச் சொல்லைச் சொன்னால்கூட வாயில் தட்டுவார்கள். அந்தச் சொல் எங்களுக்கு ஒரே ஒரு சேதிக்குத்தான். அதைக் கேட்டதும் யாரும் "என்னது?" என்று கேட்கமாட்டார்கள். "எந்தப் பக்கம்?" என்றுதான் கேட்பார்கள்.

அன்றைக்கு நடந்தது இதுதான். ஹாலின் இடப்பக்கம் பாதிக்குக் கல் பதித்துவிட்டார்கள். வலப்பக்கம், வாசலில் இருந்து சாமி ரூமுக்குப் போகிற பக்கம், பழைய சிமெண்டைக் கொத்தி எடுத்தபோது அடித்தரையில் நீளமாக ஒரு கீறல் தெரிந்தது. அதை அடைத்துக் காயவிட்டால் இரண்டு நாள் தள்ளிப்போகும். சாமான் எல்லாம் முற்றத்தில் கிடக்கிறது. அதனால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்க நினைத்தான் முனீஸ். அவன் கை முழுக்கப் பசை. சோலையைப் பேசச் சொன்னான்.

சோலை அவன் ஊர்த் தமிழில் சரியாகத்தான் சொன்னான்: "ஹாலுல வெடிச்சிருச்சுண்ணே, வாசல்ல இருந்து சாமி ரூம் வரைக்கும். என்ன செய்யன்னு அத்தைட்ட கேட்டுச் சொல்லுங்க."

வேலுச்சாமி அண்ணன் "வெடிச்சிருச்சு" வரைக்கும் கேட்டார், "சாமி ரூம்" வரைக்கும் கேட்டார். அதற்குப் பிறகு கேட்க அவரிடம் காது இல்லை. கொஞ்சம் தெளிந்து திரும்பக் கூப்பிட்டபோது, இங்கே கல் வெட்டுகிற மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. யார் காதில் விழும்?

"சத்தம் கேக்கலையே"

நானும் இவரும் மொபெட்டில் வந்தோம். இவர் குளிக்கவில்லை, சட்டை மாற்றவில்லை. முழங்கால் வரைக்கும் வெள்ளி. பின்னால் கம்பெனி ஆட்கள் சைக்கிளிலும் வண்டியிலும் வந்தார்கள், சிலர் ஓடியே வந்தார்கள்.

வழி முழுக்க இவர் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "சத்தம் கேக்கலையே பேச்சி." கொஞ்ச தூரம் போய் மறுபடியும், "சத்தமே கேக்கலையே."

எங்களுக்குச் சத்தம்தான் சாட்சி. கேட்டிருந்தால் ஆகிவிட்டது. கேட்கவில்லை என்றால் ஒரு நூல் அளவு இடம் இருக்கிறது. அவர் அந்த நூலைப் பிடித்துக்கொண்டு வண்டி ஓட்டினார். நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் மனசுக்குள் ஓடியது. சீசன் நேரத்தில் எங்கள் பக்கத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத வேலை ஒன்று உண்டு. கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் வெடி சுற்றுவது. சட்டத்துக்கும் ஆகாது, உயிருக்கும் ஆகாது. பிள்ளை அப்படி ஏதும் செய்தானோ? ஒரு தாய்க்கு வரக்கூடாத சந்தேகம். வந்தது.

தெருமுனை திரும்பும்போது பார்த்தால், எங்கள் வீட்டு ஜன்னல் வழியாக வெள்ளையாகப் புகை வந்துகொண்டிருந்தது. இவர் வண்டியை நிறுத்தவில்லை, அப்படியே விட்டுவிட்டு இறங்கி ஓடினார். வண்டியோடு நான் ராசாத்தி வீட்டு வேப்பமரத்தில் சாய்ந்தேன்.

அது புகை இல்லை. கல் வெட்டுகிற தூசி.

பின்னால் வந்த கம்பெனி ஆட்களோடு சேர்ந்து, எனக்கு முன்னால் தெருவே உள்ளே போய்விட்டது. முன்வாசலில் பாதி, பின்வாசலில் பாதி. கம்பெனியில் பழகிய ஆட்கள், மணல் வாளியைத் தூக்கிக்கொண்டுதான் ஓடுவார்கள். தூசிக்குள் ஓர் உருவம் குனிந்திருப்பதைப் பார்த்து ஒருவர் ஒரு வாளி மணலை அப்படியே கொட்டிவிட்டார். அந்த உருவம் சோலை.

"யாத்தே! என்னத்துக்குண்ணே மண்ணள்ளிப் போடுறீக? நான் இன்னும் சாகலயே!"

மிஷின் நின்றது. தூசி மெல்ல அடங்கியது. ஹாலின் மூலையில் முனீஸ் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான், கையில் பசை பூசுகிற கரண்டி. தலையெல்லாம் வெள்ளை. ஆனால் முழுசாக இருந்தான்.

"என்னாச்சு? எதுக்கு எல்லாரும் வந்தீக?" என்றான்.

"எந்தப் பக்கம்லே?" இவர் குரல் அவர் குரலாக இல்லை.

சோலை தலையில் இருந்த மணலைத் தட்டிக்கொண்டே தரையைக் காட்டினான். "இந்தா, இதான் மாமா. நாஞ்சொல்லல? வாசல்ல இருந்து சாமி ரூம் வரைக்கும்."

அத்தனை பேரும் குனிந்து பார்த்தார்கள். ஒரு விரல் அகலக் கீறல், எறும்பு வரிசை மாதிரி, யாரையும் ஒன்றும் செய்யாமல் போய்க்கொண்டிருந்தது.

முதலில் சிரித்தது ராசாத்தி மதினிதான். பிறகு அழுததும் அவள்தான். "வெளங்காத பயலே! அது விட்டிருக்கு, விட்டிருக்கு! இந்த ஊருல வந்து அந்தச் சொல்லச் சொல்லலாமாலே நீ?"

"எங்க ஊருல இதத்தான அத்தை சொல்லுவோம்?"

"ஒங்க ஊருல சொல்லு! ஒங்க ஊருல போயி ஆயிரந்தடவ சொல்லு!"

நின்ற இடத்தில் நிற்கச் சொன்னவன்

அப்போதுதான் முனீஸ் எல்லோருடைய காலையும் பார்த்தான்.

காலையில் பதித்த கல், பசை இன்னும் இறுகவில்லை. ஒரு நாள் முழுக்க ஒரு பூனை கூட நடக்கக்கூடாது. அதன் மேல் எங்கள் தெருவே நின்றுகொண்டிருந்தது. கல் ஒன்று மேலே, ஒன்று கீழே. இடுக்கில் எல்லாம் பசை பிதுங்கி, அதன் மேல் எங்கும் வெள்ளிப் பாதம். எந்தக் கல்லும் ஏறி இறங்கக் கூடாது என்றுதான் பேச்சு. இப்போது நேராகக் கிடந்த கல்லைத் தேடவேண்டியிருந்தது.

திட்டுவான் என்று நினைத்தேன். நானாக இருந்தால் திட்டியிருப்பேன்.

"எல்லாரும் அப்பிடியே நில்லுங்க" என்றான். "யாரும் கால எடுக்காதீக. நகந்தா இன்னும் கெட்டுரும். நான் பேரு சொன்னப்புறம் ஒவ்வொருத்தரா வெளிய போங்க. ராசாத்தி அத்தை, நீங்க மொதல்ல. வலது கால எடுத்துச் செவுத்தோரமா வைங்க. வாளி வச்சிருக்கவுக கீழ வச்சிராதீக."

தெருவே கோயில் சிலை மாதிரி நின்றது. கம்பெனியில் நூறு பேரை ஏவுகிற எங்கள் போர்மேன், ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு பெயர் வரட்டும் என்று காத்திருந்தார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் கார் வந்து நின்றது. முதலாளி. போர்மேன் வீட்டில் வெடித்தது என்றால் நாளைக்கு அவர் கம்பெனிக்கல்லவா பூட்டு? வேகமாகப் படியேறி வந்தார்.

"அண்ணாச்சி, நில்லுங்க! உள்ள வராதீக, ஈரமா இருக்கு" என்றான் முனீஸ்.

அவரை அப்படி யாரும் நிறுத்தி நான் பார்த்ததில்லை. நின்றுவிட்டார். வேலுச்சாமி அண்ணன் மெதுவாக அவர் காதில் கீறல் விவரத்தையும் அப்பனும் மகனும் போட்ட தரைப் பந்தயத்தையும் சொன்னார்.

முனீஸ் கற்களை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தான். பழைய பசையை வழித்துப் புதிதாகப் பூசி, மறுபடி வைத்து, ரப்பர் சுத்தியலால் தட்டினான். தட்டும்போது காதைக் கீழே கொண்டுபோனான். உள்ளே பசை நிறைந்திருந்தால் 'டக்' என்று கேட்கும். காற்று இருந்தால் 'டொப்' என்று கேட்கும். டொப் என்றால் மறுபடி எடுப்பான்.

பசை இறுகுவதற்குள் முடிக்கவேண்டும். சோலை வழித்துக் கொடுத்தான். கொஞ்ச நேரத்தில், யாரும் கூப்பிடாமலே இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, கல்லில் இருந்த வெள்ளித் தடத்தை ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து மகன் கையில் கொடுத்தார்.

வாசலில், ஜன்னலில், பின்கட்டில் கூட்டம். வெடிச்சத்தம் கேட்குமோ என்று ஓடி வந்த காதுகள் எல்லாம் இப்போது அந்தச் சுத்தியலைக் கேட்டுக்கொண்டிருந்தன. டக். டக். ஒரு டொப் வந்தால் ஜன்னலில் இருந்து "ச்சு" என்று சத்தம் வரும். மறுபடி டக் வந்தால் எல்லோரும் மூச்சு விடுவார்கள்.

அப்படியும் எல்லாவற்றையும் பிடிக்க முடியவில்லை. ஓரத்தில் இரண்டு வரிசை இறுகிவிட்டது. உடைத்துத்தான் எடுக்கவேண்டும். முனீஸ் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுத் தலை குனிந்துகொண்டான்.

முதலாளிக்கு இதற்குள் உயிர் திரும்பியிருந்தது. உயிர் திரும்பினால் மனுசருக்குக் கேலி வரும்.

"என்னப்பா செல்லையா, பந்தயத்துல பய தோத்துட்டான் போலயே. போகட்டும் விடு. ஒண்ணாந்தேதி அனுப்பிவிடு. நாற்காலிய தொடச்சு வச்சிருக்கேன்."

ஜன்னலில் யாரோ சிரித்தார்கள். முனீஸ் நிமிரவில்லை. நான் இவர் முகத்தைப் பார்த்தேன். பந்தயம் இவர் போட்டது. சொன்ன சொல்லை மாற்றுகிற ஆளும் இல்லை.

இவர் கையில் இருந்த கல்லைக் கீழே போடாமல், மெதுவாகத் தரையில் வைத்தார்.

"நாற்காலி நல்ல நாற்காலிதான் அண்ணாச்சி. ஆனா அதுவும் கேட்டுக்கு உள்ளதான கெடக்கு."

இவர் ஈரத்துணியையும் ஓரமாக வைத்தார்.

"வண்டியில வாரப்ப எம் பிள்ளைக்கு மனசுக்குள்ள கொள்ளி வச்சிட்டேன் அண்ணாச்சி. வந்து பாத்தா, வெடிச்ச எடத்துல கரண்டிய வச்சுக்கிட்டு உக்காந்திருக்கான். அவன் தொளில்ல வெடிச்சா பூசிக்கிரலாம். நம்ம தொளில்ல முடியுமா?"

சோலையைத் தவிர இந்த வீட்டில் யாரும் சொல்லாத சொல்லை இவர் வாயால் அன்றைக்குத்தான் கேட்டேன்.

முதலாளி குனிந்து அந்தக் கீறலைப் பார்த்தார். அவரும் இதே ஊரில் பிறந்து இதே தொழிலில் நரைத்தவர்தான். எந்தப் பக்கம் என்று கேட்டுக் கேட்டு ஓடியவர்தான்.

"முடியாதுப்பா" என்றார். படியிறங்கிக் காருக்குப் போனார்.

கூட்டம் கலைந்தது. ராசாத்தி எல்லோருக்கும் தேத்தண்ணி போட்டு அனுப்பினாள். மணல் கொட்டினவர் சோலைக்கு மட்டும் இரண்டு வடை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

முனீஸ் அந்தக் கீறல் பக்கத்தில் உட்கார்ந்து விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எம்மா, கேக்கச் சொன்னது இன்னும் அப்பிடியே கெடக்கு. இத வெட்டி, கலவையப் போட்டு அடைச்சா ரெண்டு நாளு காயணும். மேலயே கல்ல ஒட்டிட்டா இன்னைக்கே முடிஞ்சிரும், வெளிய தெரியாது. ஆனா அடியில இருக்கது ஒரு நாள் மேல வரும். என்ன செய்ய?"

நான் வாய் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார். இன்னும் தரையில்தான் உட்கார்ந்திருந்தார், சுவரில் சாய்ந்து, காலை நீட்டி.

"நல்லா காயட்டும்லே. ஒண்ணாந்தேதிக்குத்தான் ஒனக்கு வேற சோலி இல்லயே."